பூட்டிய வீடுகளின் பட்டியல்

நகராட்சி அலுவலகத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது புகார்ப் பெட்டி அல்ல, ஒரு பலகை. 'தரவரிசையில் நமது நகராட்சி' என்று மேலே எழுதி, கீழே எண்களைத் தொங்கவிட இரண்டு ஆணி அடித்திருந்தது. போன வருடம் அந்த ஆணிகளில் மூன்று ஒன்றும் நான்கு ஒன்றுமாக இரண்டு தகடுகள் தொங்கின. அறுபது ஊரில் முப்பத்து நான்காவது இடம். இந்த வருடம் புதிதாகத் தகடு செய்யக் காசு செலவழிக்கவில்லை. நான்கைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டார்கள், மூன்று மட்டும் நின்றது. மூன்றாவது இடம்!

அந்த நான்கைக் கழற்ற வைத்தது கணக்கம்மா. இருபத்திரண்டு வருடமாகக் குடிநீர்க் கட்டண ஏட்டைப் பார்த்துக்கொள்கிறவள். பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது. அவள் ஏட்டில் அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது. பிழை திருத்தம் எழுதுவதற்கென்று அலுவலகம் கொடுத்த சிவப்பு மைப் பேனா இருபத்திரண்டு வருடமாக மூடி திறக்காமல் கிடந்து, இரண்டு முறை காய்ந்து, இரண்டு முறை மாற்றப்பட்டது. இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வரும். வரட்டுமே, உழைத்துச் சம்பாதித்த பெருமைதானே.

அவளுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஏட்டில் இணைப்பு எண், பெயர், கட்டவேண்டியது, கட்டியது என்று கட்டங்கள் ஓடும். பெயர்க் கட்டத்தின் மேல் நீளமான ஓர் அட்டையை வைத்து மறைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவாள். எண் மட்டும் தெரியும், ஆள் தெரியாது. தெரிந்தவர், தெரியாதவர், சொந்தம், பகை என்று கை வளையக்கூடாது என்பதற்காக. அந்த அட்டை பிறந்த கதையைச் சொல்லாமல் விட்டால் இவர்கள் குடும்பம் விளங்காது.

அவள் வீட்டுக்காரரும் அதே நகராட்சிதான். தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிடும் வால்வுக்காரர். கல்யாணமான புதிதில் அவர் பூட்ஸ் வாங்கிய ரசீதை அலுவலகத்தில் கொடுத்தார். மேற்பார்வையாளர் கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பினாள். புருஷனுக்கு என்றால் பாஸ் பண்ணிவிடுவாள் என்று எதிர் மேசையில் யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்திருந்தது. மனுஷர் கடையில் பூட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் கிழிந்த பூட்ஸோடு சேற்றில் இறங்கினார். பிறகு சொந்தக் காசில் வாங்கினார். அந்த பூட்ஸ் பெட்டியின் மூடியில் வெட்டியதுதான் அட்டை. அன்றைக்கே வீட்டில் ஒரு சட்டமும் போட்டாள்: வாசல்படி தாண்டினால் அலுவலகப் பேச்சு கூடாது. தன் வீட்டு ரசீதைத் தானே எழுதினாள் என்ற பேச்சு வரக்கூடாது என்று வீட்டுத் தண்ணீர்க் கட்டணத்தையும் அவர் தலையில் கட்டிவிட்டாள். அவரும் மாதம் தவறாமல் எப்படியோ கட்டிவந்தார். எப்படி என்று இவள் கேட்டதில்லை.

தரவரிசைக்கு வருவோம். ஓர் ஊரை எடைபோட மேலிடத்தில் பல தராசுகள் வைத்திருந்தார்கள். அதில் கனமானது வசூல் சதவீதம். ஊர் மொத்தமும் கட்டவேண்டிய தொகைக்குக் கேட்பு என்று பெயர், கட்டியதற்கு வசூல் என்று பெயர். நூறு கேட்டு எண்பது வந்தால் எண்பது சதவீதம். புதிதாக வந்த ஆணையர் இளைஞர், துடிப்பானவர். முப்பத்து நான்கு என்ற எண்ணைத் தினமும் தாண்டித்தான் தன் அறைக்குப் போகவேண்டியிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், வசூல ஏத்த வழியே இல்லையா?" என்று வருடக் கடைசியில் கேட்டார்.

"இருக்கிற வீட்டையெல்லாம் தட்டியாச்சு சார். இனிமே கதவ உடைச்சாத்தான் உண்டு."

"மத்த ஊர்லயெல்லாம் நூறத் தாண்டுறாங்களே, எப்படி?"

"வசூல் ஏறலைன்னா கேட்பு இறங்கியிருக்கும் சார்."

வாய் தவறி வந்ததுதான். ஆனால் சொன்ன பிறகு அவளுக்கே அது பிடித்துப்போனது. விதி இருந்தது: மூன்று வருடம் பணம் கட்டாமலும், ஆள் குடியில்லாமலும் இருக்கும் வீட்டைப் பூட்டிய வீடு என்று எழுதிக் கேட்பிலிருந்து எடுத்துவிடலாம். பணம் கட்டவில்லை என்பது ஏட்டிலேயே தெரியும். ஆள் இல்லை என்பதை நேரில் போய்ப் பார்க்கவேண்டிய பில் கலெக்டர் ஓய்வு பெற்றுப்போய் எட்டு மாதம் ஆகிறது, அந்த நாற்காலி காலி. மூன்று வருடம் ஒரு பைசா கட்டாத வீட்டில் ஆள் எப்படி இருப்பார்கள் என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டாள். அட்டையை வைத்து, எண் எண்ணாகப் பார்த்து, தொள்ளாயிரம் இணைப்பில் நூற்று நாற்பதை எடுத்துத் தனிப் பட்டியலில் வைத்தாள். ஒரே மாலையில் முடிந்த வேலை.

இன்னொரு அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. எழுநூற்றுப் பதினொன்றாம் எண்ணில் யாரோ ஒரு புண்ணியவான் மாதாமாதம் தன் பில்லைப்போலப் பல மடங்கு கட்டிவந்தார். முன்பணம் போலும் என்று நினைத்து அந்த எண்ணின் மேல் அவளுக்கு ஒரு பிரியமே இருந்தது. எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு நூற்றிரண்டரை வந்தது. நூறு ரூபாய் கேட்டால் நூற்றிரண்டரை கொடுக்கும் ஊர் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று மேலிடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? முதலிடத்து ஊர் நூற்றுப் பதினொன்று காட்டியிருந்தது.

மூன்றாம் இடத்துக்கான கேடயத்தைப் புதன்கிழமை கொடுப்பதாக இருந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணக்கம்மா வீட்டில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். வால்வுக்காரர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து நின்றார்.

"என்னங்க இது, சேறும் சகதியுமா உள்ள?"

"சட்டம் போட்டிருக்கியே, ஆபீஸ் பேச்சு பேசக்கூடாதுன்னு. அத இன்னைக்கு ஒரு நாளைக்குத் தூக்கி அலமாரில வை."

"முட்டை கருகுது. அப்புறம் பேசலாம்."

"முட்டை கருகட்டும். இதப் படி."

அடுப்பை அணைத்துவிட்டு வாங்கிப் படித்தாள். ஆணையர் கையெழுத்துப் போட்ட உத்தரவு. ஆறாம் வால்வு, மேட்டுத் தெரு. மொத்த இணைப்பு முப்பத்தொன்று. பூட்டிய வீடுகள் முப்பது. புழக்கத்தில் இருப்பது ஒன்று. எனவே திங்கள்கிழமை முதல் எட்டு நாளைக்கு ஒருமுறை திறந்தால் போதும். தண்ணீர் சிக்கனத்துக்கும் தரவரிசையில் மதிப்பெண் உண்டு. கீழே மேற்கோள்: கணக்குப் பிரிவின் பட்டியல்.

"மேட்டுத் தெருவா?" என்றாள். அவளுடைய நாத்தனார், அவருடைய அக்கா, லாண்டரி வைத்திருக்கும் தெரு அது. "அங்க முப்பது வீடு பூட்டியா கிடக்கு?"

"நீதானே எழுதியிருக்க. என்னைக் கேக்கிற."

"நான் எண்ணத்தான் பார்த்தேன். தெருவப் பார்க்கல."

"நான் தெருவத்தான் பார்க்கிறேன். இருபத்தாறு வருஷமாப் பார்க்கிறேன். நேத்துக் காலைல கால்மணி நேரம் லேட்டாத் திறந்தேன். குழாயடில நின்னவங்கள நான் எண்ணல. ஆனா என்னைத் திட்டினவங்கள எண்ணினாலே முப்பது தேறும். பூட்டின வீட்டுக்கு இவ்வளவு வாய் இருக்குமா?"

"அப்படி ஆள் இருந்தா ஏன் மூணு வருஷமாக் காசு கட்டல?"

"யார் சொன்னது கட்டலன்னு?"

"ஏடு சொல்லுது."

"அப்ப ஏட்டோடயே குடும்பம் நடத்து." சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் இறங்கிவந்தார். "அந்தத் தெருக் காசெல்லாம் அக்காதான் வசூல் பண்ணிக் கட்டுது. பழைய பில் கலெக்டருக்கு முட்டி வலி, மேடு ஏற முடியாது. நீங்களே சேர்த்துக் கட்டிடுங்கன்னு விட்டுட்டார். அக்கா எந்த நம்பர்ல கட்டுதுன்னு எனக்கெங்க தெரியும்? வீட்ல ஆபீஸ் பேசினாத்தானே தெரியும்."

கணக்கம்மாவுக்குச் சட்டென்று விளங்கியது. எழுநூற்றுப் பதினொன்று. அந்தப் புண்ணியவான்.

"திங்கக்கிழமை வால்வ மூடுவீங்களா?"

"மூட மாட்டேன்."

"உத்தரவாச்சே."

"சஸ்பெண்ட் பண்ணட்டும். ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு, அத வீட்ல உக்காந்து கழிக்கிறேன். நீ சம்பாதிச்சுப் போடு." சிரிக்க முயன்றார், வரவில்லை. "அக்கா முகத்துல முழிக்கணும்ல."

பொரித்த முட்டையில் பாதி கருகியிருந்தது. கருகாத பாதியை அவர் தட்டில் வைத்துவிட்டுத் தனக்குக் கருகியதை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவ்வளவுதான் அவளால் முடிந்த பிராயச்சித்தம்.

சனிக்கிழமை வெயில் தலையைப் பிளந்தது. மழை ஏமாற்றிய வருடம். மேட்டுத் தெருவில் அனல் காற்று புழுதியை வாரி வீசியது. லாண்டரிக் கொல்லையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் எட்டு வரிசையாகக் காய்ந்தன. தொட்டிகளில் ஊறப்போட்டது, அலசுவதற்கு ஒதுக்கியது, நீலம் போட வைத்தது என்று தண்ணீரைக் கையளந்து வைத்திருந்தாள் நாத்தனார். ஆறடி உயரம் இருப்பாளோ என்று தோன்றும், இருக்கமாட்டாள். குரல்தான் அந்த உயரத்தைக் கொடுக்கும். கொதிக்கும் அண்டாவில் விரிப்புகளைக் கம்பால் புரட்டிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

வழக்கமாக இவள் தலை தெரிந்ததும் எழும் கூச்சல் அன்றைக்கு எழவில்லை.

"வா" என்றாள். அவ்வளவுதான்.

"என்ன அண்ணி, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன. தெருவுக்குத்தான் சரியில்ல. வால்வுக் கம்பத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்கானே, பார்த்தியா? முப்பது நம்பர் போட்டு, மூணு வருஷமாக் காசு கட்டாத வீடு, ஆளில்லாத வீடுன்னு. நேத்துலேர்ந்து ஒருத்தர் என்கூடச் சரியாப் பேசல."

அதற்குள் எதிர்வீட்டுத் தையல்காரர் வேலிப் பக்கம் வந்து நின்றார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கோபக்காரர் அல்ல, அதனால்தான் அவர் பேசியது அதிகமாக வலித்தது.

"ஆபீஸ் அம்மாவே வந்திருக்கீங்க, நல்லதாப் போச்சு. நீங்களே சொல்லுங்க. மாசாமாசம் இவங்ககிட்டக் காசு கொடுக்கிறேன். என் நம்பர் பாக்கின்னு வருது. காசு எங்க போச்சு?"

"ரசீது எல்லாம் வச்சிருக்கேன்னு காட்டினேன்ல?" என்றாள் நாத்தனார்.

"காட்டினீங்க. எல்லாத்துலயும் உங்க நம்பர்தானே இருக்கு? எங்க நம்பர் எங்க? இவ்வளவு துணி துவைக்கிறீங்க, தண்ணி பில் எவ்வளவு வரும்னு எங்களுக்குத் தெரியாதா? எங்க காசுல உங்க பில்லக் கட்டிட்டீங்கன்னு நான் சொல்லல. தெரு சொல்லுது."

"தெருவுக்கு வாய் இல்ல. அதுக்கு நீங்க வாய் கொடுத்திருக்கீங்க" என்றாள் நாத்தனார். குரல் உடைந்தது. அவள் குரல் உடைந்து கணக்கம்மா கேட்டதே இல்லை. புருஷன் விட்டுவிட்டுப் போன அன்றைக்குக்கூட, போனவன் சட்டைக்கு யார் இனிமேல் இஸ்திரி போடுவார்கள் என்று கேட்டு ஊரைச் சிரிக்கவைத்தவள்.

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். நாத்தனார் கம்பை அண்டாவிலேயே விட்டுவிட்டு ஒரு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"பதினாலு வருஷம்டி. ஒரு பைசா கூடுதல் குறைச்சல் இல்லாம வசூல் பண்ணிக் கட்டினேன். யாருக்காவது காசு இல்லன்னா நான் போட்டுக் கட்டி அடுத்த மாசம் வாங்கிக்கிட்டேன். தண்ணி வரலைன்னா நான் கடைய மூடிட்டு ஆஸ்பத்திரிலயே போய்த் துணி துவைப்பேன், அதுக்குப் பயமில்ல. திருடின்னு பார்க்கிறாங்களே, அந்தப் பார்வையோட எப்படி இந்தத் தெருவுல இருக்கிறது? எந்த மகராசன் அந்தப் பட்டியல எழுதினான்னு மட்டும் சொல்லு, அவன அண்டாவுல போட்டு வேக வைக்கிறேன்."

கணக்கம்மா வேறெதுவும் யோசிக்கவில்லை. யோசித்தால் சொல்ல முடியாது என்று தெரியும்.

"நான்தான் அண்ணி."

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயா?"

"உங்க நம்பர்ல முப்பது வீட்டுக் காசும் வந்திருக்கு. மத்த நம்பர்ல ஒண்ணும் வரல. பேரப் பார்க்காம எண்ண மட்டும் பார்த்து, எல்லாத்தையும் பூட்டின வீடுன்னு எழுதிட்டேன். தப்பு என்னோடது."

திட்டப்போகிறாள் என்று கணக்கம்மா காத்திருந்தாள். திட்டினால் பரவாயில்லை என்றுகூட நினைத்தாள்.

"பூட்டின வீட்டுக்குள்ளேர்ந்து இத்தனை அழுக்குத் துணி வருதே, உள்ள யாரு இருக்கான்னு நினைச்ச? பேயா?"

"துணி என் ஏட்டுக்கு வராதே அண்ணி."

"அதான். உன் ஏட்டுக்கு மனுஷன் வர்றதே இல்ல." எழுந்து முகத்தைத் துடைத்தாள். "சரி. என்ன பண்ணப் போற?"

"திங்கக்கிழமை திருத்துறேன். முப்பது பேருக்கும் அவங்கவங்க நம்பர்ல ரசீது போடுறேன். யார் யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னு நீங்க நோட்டு வச்சிருப்பீங்களே, கொடுங்க."

"தர மாட்டேன். நீயும் நானும் சொந்தம். இங்க வச்சுக் கொடுத்தா ரெண்டு பேரும் சேர்ந்து நேத்து ராத்திரி எழுதினதுன்னு சொல்லுவாங்க. தெருவையே கூட்டிக்கிட்டு வர்றேன். எல்லார் கண்ணு முன்னாடியும் நான் படிக்கிறேன், நீ எழுது."

"முப்பது பேருமா?"

"பூட்டின வீடு எப்படி இருக்கும்னு உங்க ஆபீசும் பார்க்கட்டும்."

அந்தக் கடைசி வார்த்தையில் பழைய குரல் திரும்பிவந்திருந்தது. கணக்கம்மாவுக்கு உயிர் வந்தது. வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது ஒன்று மட்டும் உறுத்தியது. எழுநூற்றுப் பதினொன்றில் கூடுதலாக வந்த தொகை அவளுக்கு மனப்பாடம். அதை ஒரு வீட்டுக் கட்டணத்தால் வகுத்தால் முப்பத்தொன்று வருகிறது. தெருவில் அண்ணி வீடு போக இருப்பதோ முப்பது வீடு. ஒரு வீடு இடித்தது. அண்ணி எங்காவது கூடக் கட்டியிருப்பாள் என்று ஒதுக்கப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம் ஒதுக்கவிடவில்லை.

திங்கள்கிழமை அலுவலகம் திறந்ததும் ஆணையர் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

"புதன்கிழமை கேடயம் மேடம். வியாழக்கிழமை திருத்திக்கலாமே? மூணே நாள்."

"வாங்கிட்டுத் திருத்தினா அதுக்குப் பேரு திருத்தம் இல்ல சார்."

"அப்ப அந்த முப்பது வீட்ட மட்டும் எடுத்துச் சரி பண்ணுங்க. சதவீதம் ரொம்ப இறங்காது."

"மிச்சம் நூத்திப் பத்து வீட்டையும் நான் பார்க்கல சார். முப்பதுல தப்பு இருந்தா அதுலயும் இருக்கும். பட்டியல முழுசா ரத்து பண்ணப் போறேன். பில் கலெக்டர் வந்து நேர்ல பார்த்து எது பூட்டியிருக்குன்னு சொன்ன பிறகு எழுதிக்கலாம்."

ஆணையர் காகிதத்தில் கணக்குப் போட்டார். கை வேகமாகப் போனது, முகம்தான் தொங்கியது. "எண்பத்தாறரை. இருபத்தேழாவது இடம்."

"முப்பத்து நாலுலேர்ந்து இருபத்தேழு. ஏழு படி சார். ஒவ்வொரு படியும் நிஜம்."

"மேலிடத்துல என்னைத்தான் கேப்பாங்க."

"கேட்டா என்னைக் கைகாட்டுங்க. நான் பதில் சொல்றேன்."

"நான் கையெழுத்துப் போடலைன்னா?"

"பிழை திருத்தத்துக்கு உங்க கையெழுத்து வேண்டாம் சார். பிழை செஞ்சவங்க கையெழுத்து போதும். பட்டியல் ரத்தானா, அதை நம்பிப் போட்ட வால்வு உத்தரவும் நிக்காது."

வெளியே வந்து ஏட்டைத் திறந்தாள். சிவப்புப் பேனாவின் மூடியைத் திருகினாள். இரண்டாவது முறை மாற்றிய பேனா, மை நன்றாகவே இறங்கியது. 'எனது பிழையால் நேர்ந்தது' என்று தொடங்கி எட்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இத்தனை நாள் இந்தப் பேனாவுக்கா பயந்தோம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

பத்தரை மணிக்கு மேட்டுத் தெரு வந்து இறங்கியது. நாத்தனார் முன்னால், கையில் எண்ணெய்ப் பிசுக்கேறிய தடித்த நோட்டு. பின்னால் தையல்காரர், கைக்குழந்தையோடு ஒருத்தி, கண்ணாடி போட்ட இரண்டு கிழவர்கள், வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள் என்று வரிசை கவுண்டரில் தொடங்கித் தரவரிசைப் பலகையைத் தாண்டி வாசல் வரைக்கும் நின்றது. அலுவலக உதவியாளர் ஓடிவந்து கேட்டார்.

"யாரும்மா நீங்கல்லாம்?"

"பூட்டின வீடுங்க" என்றாள் நாத்தனார். "சாவி வாங்க வந்திருக்கோம்."

சிரிப்புக் கேட்டு ஆணையர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பார்த்தவர் உள்ளே போகவில்லை, கதவருகிலேயே நின்றுவிட்டார்.

கணக்கம்மா பெயர்க் கட்டத்தின் மேலிருந்த அட்டையை எடுத்துக் கீழே வைத்தாள். வேலை தொடங்கியது. பூட்டிய வீட்டைத் திரும்பச் சேர்க்க ஒரு படிவம் உண்டு. அதில் ஒரே ஒரு கேள்வி: வீட்டில் குடியிருப்பவர் எத்தனை பேர்? நாத்தனார் நோட்டில் எண்களும் இல்லை, பெயர்களும் இல்லை. அவள் வைத்த பட்டங்கள்தான்.

"கோணவாசல்" என்று படித்தாள்.

"நான்தான்" என்று ஒரு கிழவர் முன்னால் வந்தார்.

"வீட்டுல எத்தனை பேருங்க?"

"நாலு பேரு. பூனையச் சேர்த்தா அஞ்சு."

"நாய்க்குட்டி வீடு." கைக்குழந்தைக்காரி வந்தாள். மூன்று பேர். "ஊசி வீடு." தையல்காரர் வந்தார். ஆறு பேர். தன் எண் போட்ட ரசீதைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். நாத்தனார் நோட்டிலிருந்த தொகையும் ரசீதிலிருந்த தொகையும் பைசா பிசகாமல் ஒன்றாக இருந்தன. வரிசையை விட்டு விலகாமல் நாத்தனாரைப் பார்த்தார்.

"தப்பாப் பேசிட்டேன்."

"பேசினீங்க" என்றாள் அவள். "அபராதமா என் ரெண்டு ரவிக்கையத் தைச்சுக் கொடுங்க. கூலி கிடையாது." அடுத்த பட்டத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டாள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கணக்கம்மா பார்த்தாள்.

நடுவில் ஒருமுறை வாசலில் வால்வுக்காரர் தெரிந்தார். பூட்ஸ் முழுக்கச் சேறு. ஆறாம் வால்வைத் திறந்துவிட்டு வந்திருக்கிறார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

மதியம் ஒரு மணிக்கு முப்பது வீடும் முடிந்தது. கணக்கம்மா எழுநூற்றுப் பதினொன்றில் மிச்சம் பார்த்தாள். ஒரு வீட்டுக் கட்டணம் இன்னும் அப்படியே நின்றது.

"அண்ணி, ஒண்ணு இடிக்குது. நோட்டுல இன்னொரு வீடு இருக்கணும்."

"இருக்கே. நீ முடிச்சிட்டேன்னு சொன்னதால மூடினேன்." விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். "தம்பி வீடு."

"எந்தத் தம்பி?"

"எனக்கு எத்தனை தம்பிடி இருக்கான்?"

கூடம் முழுக்கச் சிரித்தது. கணக்கம்மா வாசலைப் பார்த்தாள். வால்வுக்காரர் அவசரமாகத் தன் பூட்ஸைப் பார்த்தார். "அப்பா காலத்துலேர்ந்து அக்காகிட்டத்தான் கொடுக்கிறேன்" என்றார் மெதுவாக. "நீ எப்பவாவது கேட்டிருக்கியா?"

ஐந்நூற்று அறுபத்தெட்டு. ஏட்டைப் புரட்டினாள். மூன்று வருடத்துக்கு மேலாகவே ரசீது இல்லை. பூட்டிய வீடு என்று அவள் கையாலேயே எழுதிய குறி. பக்கத்தில், அட்டை இத்தனை நாள் மறைத்த இடத்தில், மாமனார் பெயர் தெளிவாக இருந்தது. தினமும் காலையில் அவள் கூட்டலும் கோலமுமாகப் புழங்கும் வீடு, இரண்டு பேர் ஒரு முட்டையைப் பங்கிட்டுச் சாப்பிட்ட வீடு.

வெட்கமாக இருந்தது. அதோடு, சொல்லப்போனால், நிம்மதியாகவும் இருந்தது. கணக்கு நேராகிவிட்டது.

பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்தாள். கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து வரிசை நின்ற இடத்தில் நின்றாள். "என் வீட்டுக்கு நான் எழுதக்கூடாது. வேற யாராவது எழுதணும்" என்றாள்.

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கதவருகில் நின்ற ஆணையர் வந்தார். தயங்கித்தான் வந்தார். வரும் வழியில் உதவியாளரிடம், "இரண்டும் ஏழும் போட்டுத் தகடு செய்யச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, கணக்கம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார், வைத்தார், நீலத்தை எடுத்தார்.

"இணைப்பு எண் ஐந்நூற்று அறுபத்தெட்டு" என்று எழுதிக்கொண்டே நிமிர்ந்தார். படிவத்தில் இருந்த ஒரே கேள்வியைக் கேட்டார்.

"வீட்டுல எத்தனை பேர் இருக்கீங்க?"

கணக்கம்மா வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டு பேர் சார்" என்றாள். "இருக்கோம்."